மே/பா சைக்கிள் கடை

செஞ்சி காந்தி பஜாரில் பஷீர் அகமதின் சைக்கிள் கடைக்கு வருகிற தபாலில் பாதி, சைக்கிளுக்குச் சம்பந்தமே இல்லாதது. நர்சிங் பள்ளி, ஆசிரியர் பயிற்சி, மெட்ராஸ் பெண்கள் கல்லூரி என்று எங்கெங்கிருந்தோ பழுப்பு உறைகள் வரும். கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பஷீர் அதை வாங்கி, டியூப் தொங்குகிற ஆணிக்குப் பக்கத்து ஆணியில் செருகிவைப்பார். உறைமேல் யாரோ ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே 'மே/பா பஷீர் அகமது, சைக்கிள் கடை' என்று எழுதியிருக்கும்.

"இந்த ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் நாந்தான் மேற்பார்வையாம். பங்ச்சர் ஒட்றவன் நான்!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அதில் அவருக்குப் பெருமைதான். அதை மறைத்துக்கொள்ளவும் தெரியாத மனிதர்.

எல்லாம் அவர் மனைவி மெஹராஜ் பேகம் செய்த ஏற்பாடு. பெண்கள் பள்ளியில் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்துகிற டீச்சர். எந்தக் கல்லூரிக்கு எப்போது விண்ணப்பம் போடுவது, எந்தச் சான்றிதழை எந்த ஆபீசில் வாங்குவது என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் தலைமை ஆசிரியையே "மெஹராஜைப் போய்ப் பாரு" என்று சொல்லிவிடுவார். அதற்காக யாரும் டீச்சருக்கு ஒரு பட்டமும் கொடுக்கவில்லை. தானாக எடுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "டாக்டர் ஆவறது அப்பறம். உன் இனிஷியல் இன்னா? டி.சி.ல ஒண்ணு, மார்க் ஷீட்ல ஒண்ணு வெச்சிருக்கியே, உனுக்கு நைனா ஒருத்தரா ரெண்டு பேரா?" என்று கேட்டால் அந்தப் பெண் அங்கேயே அழுதுவிடும். அழட்டும் என்று விட்டுவிட்டு, மறுநாள் அவரே அந்தப் பெண்ணோடு தாலுகா ஆபீஸ் வாசலில் கால்கடுக்க நிற்பார். விண்ணப்பத்தை முதலில் பென்சிலில்தான் எழுதவேண்டும். சாதிச் சான்றிதழைப் பரீட்சைக்கு முன்பே வாங்கிவிடவேண்டும். ஒரே கல்லூரியை நம்பி உட்காரக்கூடாது. அசலை யார் கேட்டாலும் கையை விட்டுக் கொடுக்கக்கூடாது. இவையெல்லாம் டீச்சரின் சட்டங்கள். எல்லாவற்றையும்விடக் கறாரான சட்டம் ஒன்று உண்டு: முகவரி என்று கேட்டிருக்கும் இடத்தில் வீட்டு விலாசம் போடக்கூடாது, சைக்கிள் கடைதான்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. முன்பு அவலூர்பேட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு நர்சிங் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை, அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்த தாய்மாமன் அடுப்பில் போட்டுவிட்டான். தபால் வந்த விஷயமே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. இன்னும் வரவில்லையே, இன்னும் வரவில்லையே என்று காத்திருந்தவள், கடைசியில் அவனுக்கே கழுத்தை நீட்டினாள். அன்றிலிருந்து டீச்சர் யார் வீட்டையும் நம்புவதில்லை. படிக்கப் போகிற பெண்ணுக்கு எதிரி வீட்டுக்குள்தான் இருப்பான் என்பது அவர் முடிவு. எதிரி வீட்டுக்கு வெளியே வேறு விதமாகவும் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. பஜாரில் பிறந்து பஜாரில் வாழ்க்கைப்பட்டவர், பாவம், அவருக்கு எப்படித் தோன்றும்?

1986ஆம் வருடம் அவரிடம் படித்த பெண்களில் இருவருக்கு மருத்துவக் கல்லூரி எட்டும் போலிருந்தது. ஒருத்தி அனந்தபுரத்து மளிகைக்கடைக்காரர் மகள் தனகோட்டி. இன்னொருத்தி மங்கை. வல்லம் போகிற வழியில் உள்ளே இறங்கி நடக்கவேண்டிய ஓர் ஊரின் காலனிப் பெண். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் அந்த ஊர் மட்டும்தான் அப்படி என்று ஆகிவிடும். சுற்று வட்டாரத்தில் பாதி ஊர் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

மங்கையின் அப்பா கன்னியப்பன் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டுகிறவர். அம்மா அம்மாக்கண்ணு நடவு, களை என்று எதற்குக் கூப்பிட்டாலும் போகிறவர். மங்கை சத்தமில்லாத பெண். கேள்வி கேட்டால் கொஞ்சம் யோசித்து, சரியான பதிலை மட்டும் சொல்வாள். ஆய்வுக்கூடத்தில் அவள் கை நடுங்கி டீச்சர் பார்த்ததில்லை. "உன் கையில ஊசி குத்திக்க நான் வருவேன்டி" என்று ஒருநாள் டீச்சர் சொன்னபோது மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நுழைவுத் தேர்வுக்குக் கடலூருக்கு இரண்டு பேரையும் டீச்சரே பஸ்ஸில் கூட்டிப்போனார். பிளஸ் டூ முடிவு வந்தபோது மங்கையின் மதிப்பெண் தனகோட்டியைவிட நன்றாகவே மேலே நின்றது. விண்ணப்பம் எழுதும் நாளன்று கன்னியப்பனும் மகளோடு சைக்கிள் கடைக்கு வந்தார். துவைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பஷீர் ஸ்டூலைக் காட்டியும் உட்காராமல், கழற்றிவைத்த சக்கரங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

மங்கை பென்சிலில் எழுதிக்கொண்டு வந்தாள். முகவரிக்கு வந்ததும், சொல்லிவைத்தபடி 'மே/பா' என்று ஆரம்பித்தாள்.

கன்னியப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "டீச்சர், ஒண்ணு கேப்பேன், கோச்சிக்கக் கூடாது."

"கேளுங்க. இன்னா?"

"எங்க வூட்டு அட்ரஸ் போடக்கூடாதா?"

டீச்சர் தன் சட்டத்தைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கன்னியப்பனே அவசரமாகப் பேசினார். "எங்க தெருவாண்ட தபால்காரரு வந்ததே கெடையாது டீச்சர். எங்க ஆளுங்களுக்கு வர்ற லெட்டர ஊருக்குள்ள விநாயகம் டீக்கடைல குடுத்துட்டுப் பூடுவாரு. டீ குடிக்கப் போவசொல்ல வெளிய நின்னு வாங்கியாருவோம். ஆனா ரிஜிஸ்டர் லெட்டர்னா வூட்டாண்ட வந்து கையெழுத்து வாங்கித்தான் குடுக்கணுமாமே? எம் பொண்ணு டாக்டருக்குப் படிக்கிற லெட்டரு, சர்க்கார் லெட்டரு. அதுக்கு அவரு வந்துதான தீரணும்? ஒரு தபா எங்க தெருவுல கால வெச்சிட்டாருன்னா, அப்பறம் வராம இருக்க முடியாது பாருங்க."

அவர் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்ததும் டீச்சருக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கூடவே கோபமும் வந்தது. அதென்ன, சுதந்திரம் வந்து இத்தனை வருடமாகியும் ஒரு தெருவுக்குத் தபால்காரன் போகமாட்டானா? வரட்டும், வந்து அந்த வீட்டு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடட்டும்!

"சைக்கிள் கடையே இருக்கட்டும் டீச்சர்," என்று மங்கை மெதுவாகச் சொன்னாள்.

"ஏன்? உங்க நைனா ஆசையா கேக்குறாரு இல்ல?"

"வேணாம் டீச்சர். நானே அடிக்கடி வந்து பாத்துக்கிறேன்."

"உன் வீட்டு அட்ரஸ எழுத உனுக்கே கூச்சமா? போடுடி!"

மங்கை 'மே/பா'வை ரப்பரால் அழித்தாள். காலனி விலாசத்தை எழுதினாள். விண்ணப்பத்தோடு வைக்கவேண்டிய உறையின் மேலும் அதே விலாசத்தைத் தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். சுயமுகவரியிட்டுத் தபால்தலை ஒட்டிய உறை என்று விதியில் போட்டிருந்தது. டீச்சர் தபால்தலையை நாக்கில் நனைத்து ஒட்டினார். பேச்சு சுவாரஸ்யத்தில் அது கொஞ்சம் கோணலாக உட்கார்ந்துவிட்டது. கன்னியப்பன் முகமெல்லாம் சிரிப்பாக, அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஆடி மாதக் காற்றில் பஜார் முழுக்கப் புழுதி பறந்த ஒரு நாள், தனகோட்டியின் உறை சைக்கிள் கடைக்கு வந்தது. இடம் கிடைத்துவிட்டது. குறிப்பிட்ட தேதிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. அனந்தபுரத்திலிருந்து குடும்பமே திரண்டு வந்து பஷீர் வாயில் லட்டைத் திணித்தது.

"மங்கைக்கு வந்திருக்குமே, ஏன் இன்னும் சொல்ல வரல?" என்றார் டீச்சர்.

"எல்லாருக்கும் ஒரே நாள்லயா போடுவாங்க? தபால்காரர் கையெழுத்து வாங்கப் போன நேரம் அவங்க வயலுக்குப் போயிருப்பாங்க," என்றார் பஷீர்.

அதைக் கேட்டு டீச்சர் சமாதானமானார். சமாதானமாகியே சில நாள் ஓட்டினார். பள்ளியில் மாதத் தேர்வு வேறு நடந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு மத்தியானம், வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கோணல் தபால்தலை ஞாபகத்துக்கு வந்தது. சாதாரணத் தபால்தலை. ரிஜிஸ்டருக்கு உண்டான தபால்தலை இல்லை. சைக்கிள் கடைக்கு எந்தத் தபால் வந்தாலும் பஷீர் கைக்குத்தான் வரும் என்பதால், சாதாரணத் தபால் எது, ரிஜிஸ்டர் எது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. கையிலிருந்த சாக்பீஸை மேசையில் போட்டுவிட்டு, அரைநாள் லீவு சொல்லி, கிடைத்த பஸ்ஸில் ஏறினார்.

விநாயகம் கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் விநாயகம் அலட்டிக்கொள்ளாமல், சுவரில் தொங்கிய மருந்துக்கடைக் காலண்டருக்குப் பின்னால் கையைவிட்டு ஓர் உறையை உருவிக் கொடுத்தார்.

உருண்டைக் கையெழுத்து. கோணல் தபால்தலை. மேலே டீக்கறை. உறையைக் கிழித்துத் தேதியைப் பார்த்தார். போன வாரத்தோடு முடிந்திருந்தது.

"யோவ், இத்தினி நாளா இதை இங்கயே வெச்சிருந்தியா? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூடாது?"

"நான் இன்னா பண்றது டீச்சர்? அவுங்கதான் கடப்பக்கமே வர்றதில்லயே? மல்லாட்டைக் கொல்லைல களை எடுக்கிற கூலி பத்தலன்னு ஊரோட சண்ட. டீ குடிக்கக்கூட வர்றதில்ல. நானா போயி அந்தத் தெருவுல நின்னு கூவ முடியும்?"

பெஞ்சில் இருந்த ஒருவர், "அவுங்களுக்கின்னா டீச்சர், இது போனா கவர்மெண்டு இன்னொண்ணு குடுக்கும்," என்றார். அவர் வாயை மூடும்வரை டீச்சர் முறைத்துப் பார்த்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு வார்த்தை கேட்க நினைத்தார். அதற்குப் பதில் அழுகைதான் வந்தது. அந்த ஆட்களுக்கு முன்னால் அழக்கூடாது என்று உறையோடு வெளியே வந்து காலனிப் பக்கம் நடந்தார்.

தபால்காரர் செல்லப்பன் வழியில் சைக்கிளில் எதிர்ப்பட்டார். மறித்துக் கேட்டதற்கு, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, "எங்க நைனா இந்த வேல பாத்த காலத்துலருந்தே இப்டித்தான். நான் அந்தத் தெருவுக்குள்ள போனா, நாளைக்கு ஊருக்குள்ள எவன் என்னைத் தண்ணி குடிக்க வுடுவான்? நீங்க செஞ்சில இருக்கீங்க, பேசுவீங்க," என்றார். சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் டீச்சர் மங்கையையும் கன்னியப்பனையும் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் போனார். தேர்வுக் குழு அலுவலகத்தில் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார், மங்கையை உட்காரச் சொன்னார், ஆள் அனுப்பிப் பட்டியலைப் பார்த்துவரச் சொன்னார். கடைசியில் தலையை ஆட்டிவிட்டார். "நீங்க குடுத்த கவர்லதாம்மா அனுப்பினோம். தேதி தாண்டினதும் அடுத்த பொண்ணுக்குப் போயிடுச்சு. அந்தப் பொண்ணு ஹாஸ்டல்லயும் சேந்தாச்சு. மேல ஒரு மனு எழுதிப் போடுங்க. என் கையில ஒண்ணும் இல்ல." காத்திருக்கிறவர்கள் வரிசை நீளமாக இருந்தது. மங்கைதான் முதலில் எழுந்தாள்.

மறுபடி பஸ் ஏறித் திண்டிவனம் வந்தார்கள். அங்கே இறங்கிச் செஞ்சி பஸ்ஸுக்கு நின்றபோது கன்னியப்பன் தலையிலடித்துக்கொண்டார். "நாந்தான் டீச்சர், நாந்தான் எம் பொண்ணு தலைல மண்ண வாரிப் போட்டுட்டேன். வாய வெச்சிக்கினு சும்மா இருந்தேனா?"

"நீங்க இல்ல. ஸ்டாம்ப் ஒட்டினது நான்," என்றார் டீச்சர். "ரிஜிஸ்டர் ஸ்டாம்ப் ஒட்டியிருக்கணும், இல்ல அட்ரஸ மாத்தாம இருந்திருக்கணும். எத்தினி பொண்ணுங்களுக்கு எழுதியிருக்கேன், எனக்குத் தெரியணும். இவ வேணாம்னு சொன்னா. நாந்தான் கேக்கல."

கன்னியப்பனுக்கு அந்த வித்தியாசம் புரிந்த மாதிரி தெரியவில்லை. "நீங்க இன்னா டீச்சர் பண்ணுவீங்க, நல்லதுதான நெனைச்சீங்க," என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது டீச்சருக்கு. மங்கை சான்றிதழ்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். வருகிற பஸ்ஸின் பெயர்ப் பலகையை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் மனு எழுதினார். ஒன்றுக்குப் பத்தாக எழுதினார். சுகாதாரத் துறைக்கு, கலெக்டருக்கு, அமைச்சருக்கு. தபால் துறைக்கும் செல்லப்பன் மேல் ஒரு புகார் தட்டிவிட்டார். அந்தப் புகார் மட்டும் வேலை செய்தது. இன்ஸ்பெக்டர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து விசாரித்தார். இனிமேல் காலனித் தபாலை டீக்கடையில் கொடுத்தால் வேலை போய்விடும் என்று செல்லப்பனை எச்சரித்துவிட்டுப் போனார். இதைக் கன்னியப்பனே சைக்கிள் கடைக்கு வந்து சொன்னார். சொல்லும்போது கொஞ்சம் தலை நிமிர்ந்திருந்தது. மனுவுக்குப் பதில் வந்தால் இனி நேராக வீட்டுக்கே வரும் என்றார். அவருக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது.

அந்தச் சமயத்தில் திண்டிவனத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியலில் ஓர் இடம் காலி என்று தெரியவந்தது. டீச்சர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலனிக்குப் போகக் கிளம்பினார். பஷீர், "நீ வாங்கிட்டுப் போறது அந்தப் பொண்ணுக்காகவா, உனுக்காகவா?" என்று கேட்டார். டீச்சர் விண்ணப்பத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறினார். மங்கை அம்மாவோடு களைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். கூலிச் சண்டை ஒருவழியாக முடிந்து ஊரும் காலனியும் பேசிக்கொண்டிருந்தன. மங்கை கைகழுவி வந்து டீச்சர் எதிரே உட்கார்ந்தாள். விரல் நகங்களில் மண் இருந்தது.

டீச்சர் பேச ஆரம்பிப்பதற்குள் வெளியே சைக்கிள் மணி அடித்தது.

தெருமுனையில் செல்லப்பன் நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது. முந்தின நாள் வந்த ரிஜிஸ்டரைக் கொடுக்காமல் வைத்திருந்து, ஊர்க்காரர்கள் சந்தைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வந்திருக்கிறார். சைக்கிளைவிட்டு இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் தள்ளிக்கொண்டே உள்ளே வந்தார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்தன. யாரோ ஒரு கிழவர் இடுப்புத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கே. மங்கை! ரிஜிஸ்டர் லெட்டர்!"

கன்னியப்பன் உள்ளே ஓடி அந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பித்தானைத் தப்பாகப் போட்டிருந்தார். "டீச்சர், பாத்தீங்களா? வந்துட்டாரு பாத்தீங்களா?" என்று கேட்டார். "ஏ அம்மாக்கண்ணு, தபால்காரருக்குத் தண்ணி கொண்டா! புது லோட்டால கொண்டா!"

மங்கை கையெழுத்துப் போட்டு வாங்கினாள். தெருவில் யாரோ கைதட்டினார்கள். அதைப் பார்த்து எல்லாரும் தட்டினார்கள். பிள்ளைகள் விசிலடித்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவே மங்கை உறையைக் கிழித்துப் படித்தாள். ஒரு பக்கம்தான் இருந்தது. படித்து முடித்து, பழைய மடிப்பு மாறாமல் மடித்தாள்.

"இன்னாம்மா போட்ருக்குது?" என்றார் கன்னியப்பன்.

"குறிச்ச தேதில வராததால சீட்டு ரத்துதானாம் நைனா. மனுவ ஏத்துக்க முடியாதாம்."

கைதட்டல் ஒரே நேரத்தில் நிற்கவில்லை. தூரத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் போய்ச் சேரும்வரை தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அம்மாக்கண்ணு லோட்டாவை நீட்டியபடி நின்றார். செல்லப்பன் அதைப் பார்த்தார், "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்றார், சைக்கிளைத் திருப்பினார். அவர் போக எல்லாரும் வழிவிட்டார்கள்.

டீச்சர் லோட்டாவை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். அதைத் தவிர அப்போது என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு பையைத் திறந்து திண்டிவனத்து விண்ணப்பத்தை எடுத்து மங்கை முன் வைத்தார். பழக்கதோஷம், பென்சிலையும் எடுத்தார். முகவரிக் கட்டத்தில் தானே 'மே/பா பஷீர் அகமது' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

மங்கை ரப்பரை வாங்கி அதை அழித்தாள். டீச்சரின் புடவை மடிப்பில் செருகியிருந்த பேனாவை, கேட்காமலே உருவிக்கொண்டாள். காலனி விலாசத்தை மையிலேயே எழுதினாள்.

"எங்க வூட்டுக்கே வரட்டும் டீச்சர்," என்றாள். "இப்பதான் தபால்காரரு வராரே."

அவள் சிரிக்கவில்லை. டீச்சர் விண்ணப்பத்தை வாங்கி மை காயும்வரை கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.